பால்மரத்துக் கோடு எந்தப் பக்கம் சாயும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியத் தோட்டப்புற வாழ்க்கையைக் கனவும் குறும்புமாக வரைந்த ஓவியங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பு ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தது. தமிழ் நாளிதழில் ஓவியத்துக்கு ஒரு பக்கம் கிடைப்பது அரிது. அதற்காக முதலில் நன்றி. லயத்து வீடுகளை (தொழிலாளர் வரிசை வீடுகள்) முதுகில் சுமந்து போகும் நத்தை, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் வரிசைபிடித்து நிற்கும் வண்டுகள், கிராணியின் (தோட்ட எழுத்தர்) நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காகம், துடைப்பத்தோடு சாக்கடை பெருக்கும் மீன் என்று நான்கு ஓவியங்கள் அச்சாகியிருந்தன. நான்குமே நன்றாக வரையப்பட்டவை. ஆனால் அச்சில் ஒரு பிழையும் கட்டுரையில் நான்கு பிழைகளும் இருக்கின்றன. ஒரு வரித் திருத்தத்தில் அடங்குகிறவை என்றால் இத்தனை நீளமாக எழுதியிருக்க மாட்டோம். பிழையான இடங்கள் எல்லாமே அந்த ஓவியங்களின் வேடிக்கை எங்கே ஒளிந்திருக்கிறதோ அந்த இடங்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அச்சுப் பிழையிலிருந்து தொடங்குகிறோம். நத்தை ஓவியம் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் அச்சாகிவிட்டது. படத்தில் எழுத்து எதுவும் இல்லாததால் பக்கம் கட்டியவர்கள் கண்ணில் படவில்லை போலும். ஆனால் அந்தப் படத்துக்குள்ளேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி, ஓரத்தில் நிற்கும் பால்மரம், அதாவது ரப்பர் மரம். மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து போகும். இந்நாட்டில் எந்தத் தீம்பாரிலும் (பால்மரக் காடு) வழக்கமான வெட்டு அப்படித்தான். பழக்கத்துக்காக அப்படி வெட்டவில்லை. பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்கள் நேர் செங்குத்தாக ஏறுவதில்லை. நம் கண்ணுக்கு இடமிருந்து வலமாக, ஏறத்தாழ 3 முதல் 5 பாகை வரை சாய்ந்து ஏறுகின்றன. இடம் உயர்ந்து வலம் தாழ்ந்த வெட்டு அந்த நாளங்களைக் குறுக்கே அறுப்பதால் அதிக நாளங்கள் திறக்கும். எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டினால் கத்தி நாளங்களோடு ஓரளவு ஒட்டிப் போகும். உழைப்பு அதேதான், பால் குறையும். ஒட்டுக்கன்று மரத்தில் கோட்டின் சாய்வு ஏறத்தாழ 30 பாகை. அதைவிடப் படுக்கையாக இருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து பட்டையில் ஒழுகும். தங்கள் பக்கத்தில் அச்சான மரத்தில் கோடு வலம் உயர்ந்து இடம் தாழ்ந்திருக்கிறது. அந்தக் காலத்து மீன்முள் வெட்டு என்றால் நடுவாய்க்காலின் இரண்டு பக்கமும் கோடு இருக்கும். அந்த வெட்டுக்கு இடவலக் கணக்கே கிடையாது. இது மீன்முள் வெட்டு அல்ல, ஒற்றைக்கோடு. பக்கத்தில் மோட்டார் சைக்கிளும் நிற்கிறது, ஆகவே படம் அந்தக் காலத்ததும் அல்ல.

இரண்டாவது சாட்சி நத்தையேதான். அது ஆப்பிரிக்கப் பெருநத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் கையால் உலகம் சுற்றி வந்தது. அதன் ஓடு வலஞ்சுழி. கூர் நுனி மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்க ஓட்டைப் பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். அச்சான படத்தில் இடப்பக்கம் இருக்கிறது. இடஞ்சுழி நத்தை மிக மிக அபூர்வம். அபூர்வ நத்தையும் தலைகீழாக வெட்டிய மரமும் ஒரே படத்தில் அமைந்தன என்பதைவிடப் படம் புரண்டுவிட்டது என்பதே பொருத்தம். மூன்றாவது சாட்சியாகப் பின்னால் இருக்கும் செம்பனைகளை (எண்ணெய்ப் பனை) சிலர் காட்டக்கூடும். அது சாட்சியாகாது. செம்பனை மட்டைகள் தண்டைச் சுற்றிச் சுருளாக ஏறும். ஒரு திசையில் 8 சுருள், எதிர்த்திசையில் 13 சுருள் எண்ணலாம். ஆனால் எந்தத் திசையில் 8 என்பது மரத்துக்கு மரம் மாறும். ஒரே வயலில் இடஞ்சுழி மரமும் வலஞ்சுழி மரமும் கலந்து நிற்கும்.

கனவு ஓவியத்தில் கோடு எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வீட்டைச் சுமக்கும் நத்தையை ஏற்றுக்கொள்கிறோம், கோட்டை ஏன் விடக்கூடாது? அந்த நத்தையை நாம் ஏற்றுக்கொள்வதே கோடு சரியாக இருப்பதால்தான். மரம், பால் பிடிக்கும் மங்கு, மங்குக்குப் பால் இறங்கும் தகரத் துண்டு, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கும் வாளி எல்லாம் அச்சு அசலாக இருக்கும்போது நடுவில் ஒரே ஒரு பொய் வந்தால் அதற்கு நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். எல்லாமே தோராயமாக இருந்தால் அது பொய்யாகக்கூடத் தோன்றாது. வரையத் தெரியவில்லை என்றுதான் தோன்றும். தமிழ்ப்பள்ளி ஓவியப் போட்டிகளுக்கு வரும் தோட்டக் காட்சிகளில் பாதி இதில்தான் தடுக்கி விழுகின்றன. உச்சி வெயிலில் பால் கொட்டும். கோடு முழுவதிலிருந்தும் மழைத் தாரைபோல் ஒழுகும். உண்மையில் பால்வெட்டு விடியலுக்கு முன்னால் தொடங்கிவிடும். மரத்துக்குள் நீர் அழுத்தம் அப்போதுதான் கூடுதலாக இருக்கும்; வெயில் ஏற ஏறக் குறையும். சில மணி நேரத்தில் பால் உறைந்து கோட்டை அடைத்துக்கொள்ளும். மறுநாள் கோட்டிலிருந்து உரித்தெடுக்கும் நாடாதான் கோட்டுப்பால். ஆக, பால் ஓடும் காட்சி என்றால் வெளிச்சம் நீலம் கலந்த விடிகாலை வெளிச்சம், அல்லது தலைவிளக்கின் மஞ்சள் வட்டம். அச்சான ஓவியத்தில் அந்த மஞ்சள் வட்டம் நத்தையின் ஈரக் கழுத்தில் பட்டு மின்னுகிறது. ஓவியர் காரணம் தெரிந்து வைத்த விளக்கு அது.

இனிக் கட்டுரை. வண்டு ஓவியத்தைப் பற்றி எழுதியவர், 'செம்பனையை நாசமாக்கும் வெளிநாட்டுப் பூச்சிகள் தோட்டத்தைக் கைப்பற்றுகின்றன' என்கிறார். இது முழுக்கத் தலைகீழ். செம்பனையைத் துளைக்கும் வண்டு தலையில் கொம்புள்ள காண்டாமிருக வண்டு. அது இந்த வட்டாரத்துப் பூச்சி, யாரும் கொண்டுவந்ததல்ல. ஓவியத்தில் நிற்கும் வண்டுக்குக் கொம்பு இல்லை. நீண்டு வளைந்த மூக்கு இருக்கிறது. அது எலைடோபியஸ் கமெருனிகஸ் என்னும் மூக்கு வண்டு. அசலில் 3, 4 மில்லிமீட்டர் நீளம்தான். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகச் சாகுபடி தொடங்கியது. மரம் வந்துவிட்டது, அதன் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் பூச்சி ஊரிலேயே தங்கிவிட்டது. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் பூப்பதால் தானாகச் சேர்வது குறைவு. ஆகவே ஆட்களை வைத்து மகரந்தம் தூவினார்கள். ஆண்பூவிலிருந்து மகரந்தம் சேகரித்து, முகப்பவுடர் செய்கிற அந்த டால்க் தூளோடு கலந்து, பிதுக்கும் குப்பியில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவின் மேல் ஊதுவார்கள். பெண்பூ ஏற்கும் பதத்தில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். அதைத் தவறவிட்டால் குலை பாதி பிஞ்சாகவே அழுகும். இந்த வேலையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள்.

1981-இல் கேமரூனிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளரின் ஆய்வுதான் அதற்கு வழிவகுத்தது. வண்டு ஆண்பூவில் முட்டையிடும். புழு உதிர்ந்து காயப்போகும் ஆண்பூவைத்தான் தின்னும், பழத்தைத் தொடாது. ஆண்பூவில் சோம்பு போன்ற ஒரு வாசனை உண்டு. பெண்பூவும் அதே வாசனையைச் சிறிது விடும். ஏமாந்து அங்கே போகும் வண்டு உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டு வரும். வண்டு பரவியதும் ஆள் வைத்து மகரந்தம் தூவுவது நின்றது. இப்போது அந்த ஓவியத்தைத் திரும்பப் பாருங்கள். விடியற்காலைப் பிரட்டு. தண்டல் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிடுகிறார். வண்டுகள் வரிசையில் நிற்கின்றன. வரிசைக்கு வெளியே, வேலியோரம், கையில் காலிக் குப்பியோடு மூன்று பெண்கள். வரிசையில் முதல் வண்டின் முதுகில் வெள்ளைத் தூள். படத்தின் கீழ் மூலையில் புல்லுக்குள் நான்கைந்து சோம்பு விதைகள். அசல் அளவில் வரையப்பட்டவை என்பதால் கண்ணுக்குத் தெரிவதே கடினம். தோட்டம் பறிபோனது என்று இந்தப் படம் சொல்லவில்லை. யாருடைய வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று பெயர் கூப்பிட்டுச் சொல்கிறது. வண்டைப் பகையாளி ஆக்கிவிட்டால் அந்த மூன்று பெண்களும் படத்தில் எதற்கு நிற்கிறார்கள் என்றே புரியாது.

காகம் இன்னும் சுவையான சங்கதி. 'இலங்கையிலிருந்து வந்த காகம்' என்று கட்டுரை சொல்வது தகவலாகச் சரி. 1890-களில் காப்பித் தோட்டத்துக் கம்பளிப்புழுக்களைத் தின்னட்டும் என்று சிலோனிலிருந்து கிள்ளான் பக்கம் கொண்டுவந்து விட்ட பறவைதான் வீட்டுக்காகம். காப்பி நொடித்துப்போனது, அந்த நிலத்தில் பால்மரம் ஏறியது, காகம் மட்டும் நகரங்களில் பெருகியது. ஆனால் படத்தில் நாற்காலியில் இருப்பது அந்தக் காகம் அல்ல. வீட்டுக்காகத்துக்குக் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். தென்னிந்தியா, இலங்கைப் பறவையில் அந்தச் சாம்பல் கொஞ்சம் அடர்ந்திருக்கும், ஆனாலும் தனியாகத் தெரியும். படத்தில் உச்சி முதல் வால் வரை ஒரே கறுப்பு; அலகு தடித்து வளைந்திருக்கிறது. அது அண்டங்காக்கை, இந்த மண்ணின் பறவை. சாம்பல் கழுத்துக்காரர் எங்கே என்று தேடினால், சன்னலுக்கு வெளியே காப்பிச் செடியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார். உள்ளூர்க்காரர் நாற்காலியில், கப்பலில் வந்தவர் வெளியே. யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் படத்தின் நகைச்சுவை. கட்டுரை இருவரையும் ஒருவராக்கிவிட்டது.

மீன் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையில் 'ஆப்பிரிக்கக் கெளுத்தி' என்று இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு வழுவழுத் தோலும் நீண்ட மீசையும் உண்டு. படத்திலிருப்பதற்கு உடம்பு முழுக்க எலும்புத் தகடு, வயிற்றுப் பக்கம் உறிஞ்சும் வாய். அது தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிக் கடை வழியாக வந்த பண்டாராயா மீன். மலாயில் அதற்கு 'மாநகராட்சி மீன்' என்றே பெயர். கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்கும் என்று வாங்குவார்கள். தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் ஆற்றில் விடுவார்கள். கிள்ளான் ஆற்றில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. ஆற்றைச் சுத்தம் செய்யவும் இல்லை. கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிய வைக்கிறது. ஓவியர் அதன் கையில் துடைப்பமும் உடம்பில் ஊழியர் சட்டையும் கொடுத்ததற்கு அந்தப் பெயர்தான் காரணம். பெயர் தெரியாவிட்டால் வேடிக்கை போச்சு.

நான்காவது பிழை ஒரு சொல். அதைத் தங்கள் ஆசிரியர் குழு தனியாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கட்டுரை முழுவதிலும் வெளிநாட்டிலிருந்து வந்த செடி, பூச்சி, பிராணிகளுக்கு 'வந்தேறி இனங்கள்' என்று எழுதப்பட்டிருக்கிறது. 'ஓவியர் தோட்டத் தமிழரையும் வந்தேறி இனமாகவே காண்கிறார்' என்று கட்டுரை முடிகிறது. இந்நாட்டில் 'பெண்டாத்தாங்' என்ற மலாய்ச் சொல்லை நம்மை நோக்கி யார் எப்போது எப்படி எறிகிறார்கள் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் நேர்த் தமிழை நாமே எடுத்து நம் தலையில் சூட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

மனத்தாங்கலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தச் சொல் அறிவியலுக்கும் உதவாது. இங்கே இரண்டு வேறு கருத்துகள் இருக்கின்றன. மனிதர் கொண்டுவந்து சேர்த்த உயிரினம் எதுவானாலும் அது அயல் இனம். அப்படி வந்ததில் தானே பரவி, இருக்கிறதைத் தள்ளிவிட்டு இடம்பிடிப்பது ஊடுருவும் அயல் இனம். எல்லா அயல் இனமும் ஊடுருவுவதில்லை. 1877-இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த 22 பால்மரக் கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு நூற்றாண்டு நாட்டின் வயிற்றை நிரப்பிய மரம் பிரேசில் நாட்டு அயல் இனம்தான். பினாங்கின் அடையாளமாகப் புட்டியில் அடைத்து விற்கும் ஜாதிக்காய் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்தது. சம்பாலில் அரைக்கும் மிளகாயும் ஜப்பான்காரன் காலத்தில் உயிர் காத்த மரவள்ளியும் அமெரிக்கா. லயத்துப் பின்கட்டில் நிற்கும் முருங்கையும் கறிவேப்பிலையும் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. இவை எதுவும் காட்டை அழித்துப் பரவவில்லை; காட்டை அழித்து நட்டவர் மனிதர். மாறாக, குளத்தை மூடும் வெங்காயத்தாமரையும் காய்கறிப் பாத்தியை ஓரிரவில் மொட்டையடிக்கும் பெருநத்தையும் ஊடுருவும் இனங்கள். பாலையும் பாசியையும் ஒரே கூடையில் போட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

மக்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பது அடுத்த தவறு. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசின் தடையோடு முடிவுக்கு வந்தது. அவை சட்டமும் கடனும் கூலியும் சம்பந்தப்பட்ட விவகாரம். விதைக்கும் வண்டுக்கும் ஒப்பந்தம் கிடையாது. இதைவிட முக்கியம், ஓவியரே அப்படிச் சொல்லவில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தால் நான்கு படங்களிலும் வெளியிலிருந்து வந்த பிராணிகள் எல்லாம் மாபெரும் அளவில் இருக்கின்றன. மனிதர் மட்டும் மனிதர் அளவில் இருக்கிறார்கள். ஓரிடத்தில்கூட ஓர் ஆளுக்கு வேரோ இறக்கையோ முளைக்கவில்லை. உயிரினக் கணக்கிலிருந்து மனிதரை வெளியே நிறுத்தி வரைந்தவரை, அதற்கு நேர்மாறாகச் சொன்னவராக ஆக்கிவிட்டது கட்டுரையின் கடைசி வரி.

'அளவுகோல்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. இத்தகைய படம் வரைய விரும்பும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை விரித்துச் சொல்கிறோம். பெரிய நத்தையை வரைந்தால் அது பெரிய நத்தையாகத் தெரிவதில்லை. பக்கத்தில் இருக்கும் சாதாரண நத்தையாகத் தெரிகிறது. பலர் செய்யும் தவறு இதுதான். பெரிதாகக் காட்டுவது கண்மட்டக் கோடு. சமதளத்தில் நிற்கும் ஒருவரின் கண்மட்டம் ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்தில் படத்தின் குறுக்கே ஒரு கோடு மெல்லப் பென்சிலால் இழுக்க வேண்டும். அதே தரையில் நிற்கும் பெரியவர்கள், அருகில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், அவர்களின் கண் அந்தக் கோட்டிலேயே விழும். நத்தை 3 மீட்டர் உயரம் என்றால் கோடு அதன் சரிபாதியை வெட்ட வேண்டும். 6 மீட்டர் என்றால் தரையிலிருந்து கால்பங்கில் வெட்ட வேண்டும். முழு நத்தையும் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் அது காலடியில் ஊரும் நத்தைதான், எத்தனை பெரிதாக வரைந்தாலும் சரி. அச்சான ஓவியத்தில் கோடு ஓட்டின் கால்பங்கில் போகிறது. லயத்துக் கதவுகள் அதற்கு மேலே இருக்கின்றன. கீழே நிற்கும் மூன்று பேரின் கண்ணும் ஒரே கோட்டில். அதனால்தான் அந்த வீடுகளைப் பார்க்க நமக்கே கழுத்து வலிக்கிறது.

தரையில் பதிவது அடுத்தது. எடை உள்ள பொருள் தரையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய, மிக இருண்ட நிழல் கோடு இருக்கும். அது இல்லாவிட்டால் நத்தை மிதக்கும். இரண்டு வெளிச்சம் வைத்தால் நிழல்கள் சண்டை போடும், ஒன்றே போதும். பின்னணியில் செம்பனை வைத்தால் கட்டம் கட்டமாக நடக்கூடாது. செம்பனை முக்கோண நடவு. மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்றால் ஹெக்டருக்கு ஏறத்தாழ 143 மரம். முக்கோண நடவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் சாய்ந்த நேர்வரிசைகள் தெரியும். சதுரக் கட்டமாக வரைந்தால் தென்னந்தோப்பு ஆகிவிடும். பால்மர இலை மூன்று மூன்றாக இருக்க வேண்டும். மாமர இலைபோல் ஒற்றையாகப் போட்டுவிட்டு 'ரப்பர் தோட்டம்' என்று பெயர் வைப்பது அடிக்கடி நடக்கிறது.

பச்சைதான் எல்லாரையும் கவிழ்க்கும் நிறம். குழாயிலிருந்து பிதுக்கிய தாலோ பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் காடுதான் கிடைக்கும். கால்பங்கு பர்ன்ட் சியன்னா கலந்தால் பால்மரக் காட்டின் கலங்கிய பச்சை வரும். செம்பனைக்குக் கொஞ்சம் அல்ட்ராமரினும் வெள்ளையும் சேர்த்துச் சாம்பலடிக்க வேண்டும். அதன் மட்டையில் பளபளப்பைவிட நீலச் சாயல்தான் அதிகம். பாலுக்கு வெறும் டைட்டானியம் வெள்ளை போட்டால் சுண்ணாம்புபோல் இருக்கும். யெல்லோ ஓக்கர் ஒரு துளி போதும். மரப்பட்டை பழுப்பு அல்ல, சாம்பல். புது வெட்டின் உட்பட்டை மட்டும் வெளிறிய மஞ்சள். வெட்டி ஆறிய பட்டை வழுவழுவென்று இருக்கும். ஆழமாக வெட்டி மரத்தைத் தொட்டுவிட்ட இடத்தில் மட்டும் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். நத்தைப் படத்தின் மரத்தில் அப்படி ஒரே ஒரு முடிச்சு இருக்கிறது. யாரோ அவசரப்பட்டு வெட்டிய ஒரு நாள் அதில் பதிந்திருக்கிறது.

பூசும் முறையில் ஒன்றே ஒன்று. கேன்வாசில் ஜெஸ்ஸோ (துணியைப் பதப்படுத்தும் வெள்ளைக் கலவை) மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாள் தேய்ப்பு. அடிப்பூச்சை அக்ரிலிக்கில் போட்டு மேலே எண்ணெய் வண்ணம் ஏற்றலாம். எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் போட்டால் ஓரிரு ஆண்டில் தோல் உரிவதுபோல் உரியும். பினாங்குக் காற்றின் ஈரத்தில் கேன்வாசின் பின்பக்கம் கரும்புள்ளிப் பூஞ்சை வருவது வழக்கமான தொல்லை. படம் சுவரோடு ஒட்டிக் கிடப்பதுதான் காரணம். கீழ் மூலைகளில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குக் கார்க் துண்டு ஒட்டினால் காற்று போகும். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டவே கூடாது.

அச்சில் வரும் சிறு பிழை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு ஓவிய வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1515-இல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கப்பலில் லிஸ்பன் போய் இறங்கியது. ஜெர்மானிய ஓவியர் டியூரர் அதை நேரில் பார்க்காமல், வந்த வருணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்து மரச்செதுக்கு அச்சு செய்தார். தோள்மேல் இல்லாத சிறு கொம்பு ஒன்று அதில் சேர்ந்துவிட்டது. அச்சு ஊர் ஊராகப் போயிற்று. அந்தக் கொம்பு ஐரோப்பியப் புத்தகங்களில் இருநூறு ஆண்டுக்கு மேல் உதிரவில்லை. தங்கள் ஞாயிறு இணைப்பைப் பள்ளிகளில் வெட்டி ஒட்டி வைப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள். நத்தை ஓவியத்தை இடவலம் சரிசெய்து மறுபடி வெளியிடுங்கள். ஓரங்களை வெட்டாமல் நான்கு மூலையும் தெரிய அச்சிடுங்கள்; வண்டு ஓவியத்தின் சோம்பு விதைகள் மூலையில்தான் இருக்கின்றன, அந்தப் படத்தையும் இப்போது பாதி வெட்டியிருக்கிறீர்கள். படத்தின் கீழே ஓவியரின் பெயரோடு உயரம், அகலம் சென்டிமீட்டரில், பயன்படுத்திய வண்ணம், வரைந்த ஆண்டு ஆகிய மூன்றையும் தவறாமல் போடுங்கள். உயரம் 30 சென்டிமீட்டர் படமா, 3 மீட்டர் படமா என்று தெரியாமல் அளவை வைத்து விளையாடும் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது? செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பச்சையைக் கருக்கிவிடும் என்பதால் அச்சுக்கு அனுப்பும் முன் நடுநிறங்களை ஒரு படி வெளுக்கச் சொல்லுங்கள். இனிமேல் இந்தப் பொருளில் எழுதும்போது 'அயல் இனம்' என்றும் தேவையான இடத்தில் மட்டும் 'ஊடுருவும் அயல் இனம்' என்றும் எழுதச் சொல்லுங்கள்.

நத்தை மறுபடி அச்சாகும்போது கோடு இடப்பக்கம் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓவியப் பயிற்சியாளர் ஒருவரும் முன்னாள் தோட்டக் கிராணி ஒருவரும்,
நிபோங் திபால், பினாங்கு.